தோட்டத்து வீட்டிலிருந்து சிறப்புக் கல்வி வகுப்பு வரை: எந்தப் பேப்பர் முதலில், எந்த வாசல் அடுத்தது

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் குலை வெட்டுகிறார், நான் டவுனில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லையே என்று நாங்கள் முதன்முதலாக கிளினிக்குக்கு ஓடிய நாளுக்கும், அவன் சிறப்புக் கல்வி வகுப்பில் போய் உட்கார்ந்த நாளுக்கும் நடுவில் இரண்டு வருடம் நாலு மாதம் போயிற்று. அதில் ஒரு வருடமாவது வீணான காலம். எந்தப் பேப்பரை முதலில் எடுக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லாததால் போன காலம் அது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இந்த வேலையில் பணச் செலவு கொஞ்சம்தான், நாள்தான் அதிகம் செலவாகும். பெரிய ஆஸ்பத்திரி நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கும் காலம்தான் எல்லாவற்றிலும் நீளமானது. அதனால் அந்த வரிசையில் பெயரை முதலில் போட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

1. கிளினிக் புத்தகத்தோடு ரெஃபரல் கடிதம் வாங்குங்கள்

அரசாங்க கிளினிக்கில் பிள்ளைக்கு ஊசி போடும்போது கொடுத்த அந்தச் சுகாதாரப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதில் ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் ஆட்டிசம் அறிகுறிகளுக்கான கேள்விகள் இருக்கும். நிறையப் பேர் ஊசி முடிந்ததும் புத்தகத்தை அலமாரியில் போட்டுவிடுகிறோம், அந்தப் பக்கங்கள் காலியாகவே கிடக்கும். தாதி கேட்காவிட்டால் நீங்களே திறந்து காட்டிக் கேளுங்கள்.

அப்புறம் டாக்டரிடம், நிபுணருக்கு ரெஃபரல் கடிதம் வேண்டும் என்று நேரடியாகச் சொல்லுங்கள். "கொஞ்சம் லேட்டாகப் பேசுகிறான்" என்று மென்று விழுங்காதீர்கள். நான் அப்படித்தான் சொன்னேன், "சரி, ஆறு மாதம் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். பேர் சொன்னால் திரும்பவில்லை, கைகாட்டிக் கேட்பதில்லை, ஒரே விளையாட்டை மணிக்கணக்கில் செய்கிறான், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான் என்று என்னவோ அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

தோட்டத்து டிரெசர், அதாவது தோட்டத்தில் மருந்து கொடுப்பவர், நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவர் எழுதித் தருவதை வைத்து இந்த வேலை நகராது. அதேபோல் "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், உங்க வீட்டுக்காரரே நாலு வயசுலதான் பேசினார்" என்று லயத்து வரிசை வீடுகளில் ஆளாளுக்குச் சொல்வார்கள். என் மாமியார் சொன்னார், நானும் நம்பினேன், ஒரு வருடம் போனது. அவர் அன்போடுதான் சொன்னார். இருந்தாலும் கிளினிக்குக்குப் போய் வரிசையில் பெயரைப் போட்டுவிடுங்கள். அதற்குள் பிள்ளை பேசத் தொடங்கிவிட்டால் சந்தோஷமாக அப்பாயிண்ட்மெண்ட்டை ரத்து செய்துகொள்ளலாம்.

செலவு: அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. உண்மையான செலவு வேலைக்குப் போகாத நாள்தான். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் என்பது ஏறக்குறைய 65 வெள்ளி. இதில் பத்துப் பதினைந்து நாள் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, யார் எந்த நாளில் லீவு எடுப்பது என்று வீட்டில் பேசி வையுங்கள்.

2. நிபுணரைப் பார்க்கும் நாள்

எங்களுக்கு ஏழு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அந்த அறையில் இருப்பது அரை மணி நேரம்தான், அதனால் தயாராகப் போகவேண்டும். கைப்பேசியில் நாலைந்து வீடியோ எடுத்து வையுங்கள்: சாப்பிடும்போது, விளையாடும்போது, அடம்பிடிக்கும்போது. டாக்டர் முன்னால் பிள்ளை அமைதியாக உட்கார்ந்துவிடும், நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்காது. பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால் ஆசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் நல்லது.

முடித்துவிட்டு வெளியே வருமுன் நாலு விஷயம் கேளுங்கள். இந்தப் பிள்ளைக்கு என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். ஓ.கே.யு., அதாவது மாற்றுத் திறனாளிப் பதிவுப் பாரத்தில் டாக்டர் பகுதியை எப்போது நிரப்பித் தருவார் என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சிக்கும் அன்றாடச் செயல் பயிற்சிக்கும், அதாவது ஸ்பீச் தெரப்பி, ஆக்குப்பேஷனல் தெரப்பி இரண்டுக்கும், அன்றைக்கே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள், அங்கேயும் தனி வரிசை உண்டு. அடுத்த தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காதுப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். பேச்சு வராத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டார்கள். "காது நல்லாத்தானே இருக்கு" என்று அந்தத் தேதியைத் தவறவிட்டால் எல்லாம் பின்னுக்குப் போகும்.

இங்கே நான் விழுந்த குழியைச் சொல்லவேண்டும். காத்திருக்க முடியாமல் சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு தனியார் நிலையத்தில் 800 வெள்ளி கட்டி மதிப்பீடு செய்தோம். அழகான பன்னிரண்டு பக்க அறிக்கை. ஆனால் அதை எழுதியவர் தெரப்பிஸ்ட், டாக்டர் அல்ல. ஓ.கே.யு. அட்டைக்கு டாக்டரின் கையெழுத்து வேண்டும், அந்த அறிக்கையால் ஒன்றும் ஆகவில்லை. தனியாரிடம் போவதில் தப்பு இல்லை, வசதி இருந்தால் போங்கள், நேரம் மிச்சமாகும். பணம் கட்டுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஓ.கே.யு. பாரத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தரும் டாக்டர் இங்கே இருக்கிறாரா?"

3. ஓ.கே.யு. அட்டை

இதைக் கொடுப்பது சமூக நல இலாகா, எல்லாரும் ஜே.கே.எம். என்பார்கள். பதிவு இலவசம். ஏஜெண்ட் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் கீழ் வரும் அட்டை இது. ஏழு பிரிவு உண்டு: கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பிறகு ஒன்றுக்கு மேற்பட்டவை. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், கவனம் நிலைக்காத ஏ.டி.எச்.டி., எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா எல்லாம் கற்றல் பிரிவில் வரும்.

வேண்டியவை: டாக்டர் நிரப்பிய பாரம், பிள்ளையின் மைகிட் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அப்பா அம்மா ஐசி (அடையாள அட்டை) நகல், பாஸ்போர்ட் அளவுப் படம். மாவட்ட ஜே.கே.எம். அலுவலகத்தில் நேரடியாகக் கொடுக்கலாம், அவர்களுடைய இணையப் பதிவு முறையிலும் போடலாம். நான் நேரில் போகச் சொல்வேன். பாரத்தில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தால் கவுண்டரிலேயே சொல்லிவிடுவார்கள்.

பாரம் திரும்பி வருவது பெரும்பாலும் டாக்டர் பக்கத்தில்தான். கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்காது, அல்லது பிரிவு டிக் செய்யாமல் இருக்கும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன் நின்று பாருங்கள். எங்களுக்கு முத்திரை இல்லை. அந்த ஒரு முத்திரைக்காக இன்னொரு நாள் சம்பளம் போனது.

பிறப்புச் சான்றிதழின் ஒரிஜினலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்களுடையது ஒரு கோப்பில் சிக்கி ஆறு வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

சான்றிதழே இல்லாத பிள்ளைகளும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாளுக்குள் பதியவேண்டும். அதைத் தாண்டிவிட்டால் தாமதப் பதிவு, கூடுதல் பேப்பர், கூடுதல் காலம். அப்படி இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். ஆஸ்பத்திரி வரிசை ஒரு பக்கம் ஓடட்டும், இது ஒரு பக்கம் ஓடட்டும்.

4. கல்வி இலாகாவும் பள்ளியும்

சிறப்புக் கல்வியில் மூன்று வழி இருக்கிறது. ஒன்று தனிச் சிறப்புப் பள்ளி, பார்வை அல்லது கேட்டல் குறை உள்ள பிள்ளைகளுக்கு, விடுதியோடு. ஜொகூர் பாருவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பிரின்சஸ் எலிசபெத் பள்ளி அப்படிப்பட்டது. இரண்டாவது, சாதாரணப் பள்ளிக்குள்ளேயே தனி வகுப்பு. இதற்குப் பெயர் பி.பி.கே.ஐ., நம் பிள்ளைகளில் அதிகம் பேர் போவது இதற்குத்தான். மூன்றாவது, மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரும் இன்க்லூசிஃப் முறை. முழுநேரமாகவும் இருக்கலாம், சில பாடங்களுக்கு மட்டும் என்றும் இருக்கலாம்.

மற்றப் பிள்ளைகளைப் போல முதலாம் ஆண்டுக்குப் பெயர் பதியும் காலத்திலேயே நீங்களும் பதியவேண்டும். அது பள்ளி திறப்பதற்கு வெகு முன்பே நடக்கும். அப்புறம் மருத்துவச் சான்றின் நகலோடு மாவட்டக் கல்வி இலாகா, அதாவது பி.பி.டி.யில் சிறப்புக் கல்வியைப் பார்க்கும் அதிகாரி யார் என்று கேட்டு அவரையே நேரில் பாருங்கள். எந்தப் பள்ளியில் இந்த வகுப்பு இருக்கிறது, எங்கே இடம் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். எங்களைப் போலப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்காதீர்கள்.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குப் பழக்கம் ஈப்போ. ஆஸ்பத்திரியும் அங்கே, துணி எடுப்பதும் அங்கே. ஆனால் நம் மாவட்டம் கோலகங்சார், கல்வி இலாகாவுக்கு அங்கேதான் போகவேண்டும். நாங்கள் பேருந்து பிடித்து ஈப்போவுக்குப் போய் நின்றோம். வேறு ஊர்க்காரர்களும் உங்கள் தோட்டம் எந்த மாவட்டத்தில் வருகிறது என்று தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இனி முக்கியமானது. "இடம் இல்லை", "இந்த மாதிரிப் பிள்ளையை எங்களால் பார்க்க முடியாது" என்று ஒரு பள்ளியில் வாயால் சொன்னார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டோம். அன்று இரவு வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. உங்களுக்கு அப்படி நடந்தால் உடைந்துபோகாதீர்கள். எந்தப் பிள்ளையையும் நிராகரிக்கக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019-இல் இருந்து நடைமுறைப்படுத்துகிறது. மலாயில் "சிஃபார் பெனோலாக்கான்" என்பார்கள், அந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். அந்தப் பள்ளியில் வசதி இல்லை என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு பி.பி.டி.க்குப் போய், "வேறு எந்தப் பள்ளி, எப்போது?" என்று கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் எந்தக் கடிதத்துக்கும் உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சத்தம் போடவேண்டிய அவசியமே இல்லை, தேதி போட்ட பேப்பர் கையில் இருந்தால் பேச்சு மரியாதையாக நடக்கும்.

அட்டை இன்னும் வரவில்லையே என்று பள்ளி வேலையை நிறுத்திவைக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைப்படி, மருத்துவர், கண் பரிசோதகர், செவிப்புலன் நிபுணர், உளவியலாளர் ஆகியோரில் ஒருவர் உறுதிப்படுத்திய பிள்ளை சிறப்புத் தேவையுள்ள மாணவர்தான். அவர் அரசாங்க வேலையில் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. எங்கள் 800 வெள்ளி அறிக்கையை உளவியலாளர் எழுதியிருந்தால் இந்த இடத்தில் கைகொடுத்திருக்கும்.

ஒப்புக்கொள்ளுமுன் வேனைப் பற்றி விசாரியுங்கள். இந்த வகுப்பு முடியும் நேரமும் தோட்டத்து வேன் திரும்பும் நேரமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். வேன்காரரிடம் பிள்ளையின் நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். முன் இருக்கையில் உட்காரவைப்பாரா, இறங்கும்போது கையைப் பிடிப்பாரா என்று கேளுங்கள். எங்களுக்குப் பள்ளி கிடைத்த பிறகு வேன் கிடைக்க இன்னும் மூன்று வாரம் ஆனது.

5. மொழி

தமிழ்ப்பள்ளிகளில் இந்த வகுப்பு இருக்கிற பள்ளிகள் குறைவு. பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் தேசியப் பள்ளிதான், பாடம் மலாயில். என் மனதை அதிகம் அரித்த விஷயம் இதுதான். என் பிள்ளைக்கு வரும் சொற்களே இருபதோ முப்பதோ, அத்தனையும் தமிழ். அவன் "தண்ணி" என்று அழுதால் அந்த மலாய் ஆசிரியைக்கு என்ன தெரியும்?

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு வாரம் கவனித்து எழுதினோம். "தண்ணி", "சூச்சூ", "வேணா", "வலி", "அம்மாட்ட போ". பக்கத்தில் ரோமன் எழுத்தில் உச்சரிப்பு, அதன் பக்கத்தில் மலாயில் பொருள். ஒரே பக்கம். பிளாஸ்டிக் உறை போட்டு ஆசிரியையிடம் கொடுத்தோம், அவர் சுவரில் ஒட்டிவைத்தார். இரண்டாவது வாரமே அவர் "தண்ணி?" என்று கேட்டாராம், பிள்ளை ஓடிப்போய்ப் புட்டியை எடுத்தானாம். அதைக் கேட்டு நான் கடையில் நின்றபடியே அழுதேன்.

வீட்டிலும் மலாய் மட்டும் பேசுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் செய்யவில்லை. எனக்கே சரியாக வராத மொழியில் என் பிள்ளையை எப்படிக் கொஞ்சுவேன்? பள்ளியில் அவசியமான பத்து மலாய்ச் சொற்களைப் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன், மற்றபடி வீட்டில் தமிழ்தான். இப்போது இரண்டு மொழியிலும் வேண்டியதைக் கேட்கிறான்.

6. முதல் மூன்று மாதம்

சேர்ந்ததும் மூன்று மாதத்துக்கு மிகாத சோதனைக் காலம் உண்டு. எந்த முறை பிள்ளைக்குப் பொருந்தும் என்று பார்ப்பதற்கான காலம் அது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரித் தேதிகளைத் தவிர லீவு போடாமல் அனுப்புங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் ஒன்று எழுதுவார்கள், ஆர்.பி.ஐ. என்று பெயர். கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், வேலை இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், இருவரில் ஒருவராவது போங்கள். "படிக்கவேண்டும், எழுதவேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், ஆறு மாதத்தில் தானே கழிவறைக்குப் போகவேண்டும், தன் பெயரை அடையாளம் காணவேண்டும், வரிசையில் நிற்கப் பழகவேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். வகுப்பில் மாணவர் உதவியாளர் ஒருவர் இருப்பார், அவரிடம் நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் நாள் எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

சாதாரண வகுப்பில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளை, மூன்றாம் ஆண்டாகியும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால், சோம்பேறி என்று அடிக்காமல் டிஸ்லெக்சியா பரிசோதனை கேளுங்கள். வழி அதே வழிதான். வகுப்பு மாற்றச் சம்மதக் கையெழுத்துக் கேட்டால் அங்கேயே போடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து மலாய் தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துவிட்டுப் போடுங்கள். டிஸ்லெக்சியா உள்ள பல பிள்ளைகள் சாதாரண வகுப்பிலேயே கொஞ்சம் உதவியோடு படிக்கிறார்கள். பெரிய தேர்வுகளில் கூடுதல் நேரமும் கேட்கலாம், பள்ளி மூலமாக விண்ணப்பிக்கவேண்டும்.

7. பணம்

அட்டை வந்தவுடன் மாதாமாதம் பணம் வரும் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அட்டை வேறு, உதவித்தொகை வேறு. ஒவ்வோர் உதவிக்கும் தனி விண்ணப்பம்.

அரசாங்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி படிக்கும் பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி உண்டு, கல்வி அமைச்சு தருவது. பள்ளி மூலமாக வரும், வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள். மாதம் தவறாமல் வரும் என்று கணக்குப் போடாதீர்கள், எங்களுக்குச் சில மாதங்களுக்குச் சேர்த்துத்தான் வந்தது. வேன் காசுக்கு ஆகிறது.

ஜே.கே.எம். தரும் குடும்ப உதவிகளுக்கு வருமானம் பார்ப்பார்கள். தோட்ட அலுவலகத்தில் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கிராணியிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். அட்டையைக் காட்டினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டண விலக்கும் கே.டி.எம். ரயிலில் பாதிக் கட்டணமும் கிடைக்கும். குடும்பத்தில் யாராவது வருமான வரி கட்டுபவர் என்றால், மாற்றுத் திறனாளிப் பிள்ளைக்கான கழிவு 2025 வரி ஆண்டிலிருந்து 8,000 வெள்ளி.

பள்ளிக்கு இன்னும் வயது வரவில்லை, அல்லது இடம் கிடைக்கும்வரை வீட்டில் இருக்கிறது என்றால், பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு மையம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று ஜே.கே.எம்.மில் கேளுங்கள். நாங்கள் காத்திருந்த ஏழு மாதத்தில் இது தெரியாமல் போனது இன்னும் மனதை உறுத்துகிறது. அந்த மாதங்களில் அவன் வீட்டு வாசலில் சரளைக் கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு இருந்தான்.

8. ஐந்தாம் ஆண்டில் மறுபடி

இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது இதே ஓட்டம் திரும்ப வரும். எல்லா இடைநிலைப் பள்ளியிலும் இந்த வகுப்பு இல்லை. ஆறாம் ஆண்டுக் கடைசியில் தேடாமல், ஐந்தாம் ஆண்டு ஆர்.பி.ஐ. கூட்டத்திலேயே "அடுத்து எந்தப் பள்ளி?" என்று கேட்டு வையுங்கள். கடைசியாக எடுத்த மருத்துவ அறிக்கை பழையதாகிவிட்டால் புதிதாக எடுக்கச் சொல்லலாம், அதற்கும் நிபுணர் வரிசைதான். அதனால் ஆஸ்பத்திரித் தேதிகளை நடுவில் விட்டுவிடாதீர்கள். எங்கள் மகனுக்கு அடுத்த தேதி வருகிற மாதம், ஆஸ்பத்திரி அட்டையைக் காலண்டர் ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறேன்.